ஒரு பிகா நிலமும் ஒரு பசுவும்



வடநாட்டுக்கு ரயிலில் செல்லும் நம் குடும்பத்தார் வழியில் என்ன உண்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? வீட்டிலிருந்து கட்டிச் சென்ற புளிச்சோறும் கறிப் பொரியலும் முதல் நாளே தீர்ந்துவிடும். மறுநாள் உணவு விற்பவர் வந்து, "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்று கேட்கிறார். கறியில்லாமல் ஒரு வெள்ளிக்கிழமையையும் கழித்தறியாத நம் பெரியவர்கள்கூடத் தயங்காமல் "வெஜ்" என்றே விடை சொல்கிறார்கள். அறுத்தவர் யார், அல்லாஹ்வின் திருநாமம் மொழிந்து அறுத்தாரா என்பதெல்லாம் தெரியாதபோது, ஐயத்துக்குரியதை விட்டு ஐயமற்றதைக் கொள்வதுதானே பேணுதல்! ஆக, பயணத்தில் நாம் அனைவரும் சைவர்களே. அப்போது நம் ஈமானில் எள்ளளவும் குறைவு ஏற்படுவதாக எவரும் கருதுவதில்லை.

ஆனால், நம் வீட்டுப் பிள்ளை ஒருவன், "எனக்குக் கறி வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் மட்டும் நாம் ஏன் இத்தனை பதற்றம் கொள்கிறோம்? இந்தக் கேள்வியை என் நெஞ்சில் ஏற்றிவைத்தது ஒரு சிறுவன். அதற்கு விடை தேட நேர்ந்ததோ, இராஜஸ்தானின் வறண்ட மண்ணில் உள்ள ஒரு பழைய நகரில். அந்தப் பயணத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நான் செய்த பிழை

தஞ்சைப் பகுதியின் சிற்றூர் ஒன்றில் மாலை மத்ரஸாவில் பாடம் நடத்துபவன் நான். 2017-ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த அடுத்த வெள்ளியன்று பிள்ளைகளுக்கு விருந்து ஏற்பாடாகியிருந்தது. நாற்பது பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து உண்டுகொண்டிருந்தனர். பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் வெறுஞ்சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். கறியை வைக்கச் சென்றபோது இலையைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"எனக்கு வேண்டாம் ஹஜ்ரத்."

"ஏன்?"

"நான் இனிமேல் கறி சாப்பிட மாட்டேன்."

குர்பானிக்கென்று மூன்று மாதம் முன்னரே வாங்கிய ஆட்டுக்கு அவன்தான் தழை ஒடித்துப் போட்டு வந்தான் என்பது எனக்குப் பிறகே தெரியவந்தது. அன்று நான் எதையும் விசாரிக்கவில்லை. "அல்லாஹ் ஹலாலாக்கியதை வேண்டாம் என்பவன் முஸ்லிமா? ஒரு துண்டாவது தின்றுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்" என்று எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் உரத்துச் சொன்னேன். அவன் தின்றான். தின்றவன் கிணற்றடிக்கு ஓடி வாந்தி எடுத்தான். சில பிள்ளைகள் சிரித்தனர். மறுநாள் முதல் அவன் மத்ரஸாவுக்கு வரவில்லை. பத்து நாள் கழித்து அவனுடைய தாயார் வந்து வாசலில் நின்றபடியே, "எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன் ஹஜ்ரத், ஓதவே போகமாட்டேன் என்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் என்னைக் குறை கூறவில்லை. கூறியிருந்தால் என் மனம் ஓரளவு ஆறியிருக்கும்.

அஜ்மீரின் அண்டாக்கள்

என் மச்சான் தரைக்குப் பதிக்கும் பளிங்குக் கற்களை வாங்கி விற்பவர். அஜ்மீருக்கு அருகில் கிஷன்கட் என்னும் ஊர் பளிங்குக்குப் பேர்போன சந்தை. 2018 ஜனவரியில் அங்குப் புறப்பட்டவர், பேச்சுத் துணைக்கு என்னையும் அழைத்தார். ஜெய்ப்பூர் வரை ரயில் பயணம். வழியில் மச்சான் ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து, "பச்சைக் குறி இருக்கிறது, கவலையில்லை" என்றார். அக்குறி, மாமிசமும் மீனும் முட்டையும் கலக்கவில்லை என்பதற்குத்தான் அடையாளமே தவிர, மது கலக்கவில்லை என்பதற்கு அன்று.  எனவே, சைவம் என்றாலே ஹலால் என்று முடிவு செய்துவிட வேண்டாம். பொட்டலத்தின் பின்புறத்தில் உள்ள சேர்மானங்களையும் படித்துப் பாருங்கள்.

மச்சானின் அலுவல் முடிந்த பின் அஜ்மீர் சென்றோம். ஹஜ்ரத் காஜா முயீனுத்தீன் சிஷ்தி (ரஹ்) அவர்களின் தர்காவில் உயர்ந்த புலந்த் தர்வாசாவைக் கடந்ததும், படியேறி மேலே நின்று எட்டிப் பார்க்க வேண்டிய அளவில் இரண்டு பெரும் அண்டாக்கள் உள்ளன. அவற்றை அங்கு 'தேக்' என்கின்றனர். பெரியதைச் சித்தூர் வெற்றிக்குப் பின் பேரரசர் அக்பரும், சிறியதைப் பின்னர் ஜஹாங்கீரும் வழங்கியதாக வரலாறு. பெரியதில் 120 மணங்கும் சிறியதில் 60 மணங்கும் உணவு சமைக்கலாம் என்பர். அதாவது ஏறத்தாழ 4,800 கிலோவும் 2,400 கிலோவும். நாங்கள் சென்ற இரவில் யாரோ ஒருவருடைய நேர்ச்சைக்காகச் சிறிய தேக்கில் அடுப்பு மூட்டப்பட்டிருந்தது. அரிசி, நெய், சர்க்கரை, முந்திரி, பாதாம், உலர்ந்த திராட்சை, மஞ்சள், குங்குமப்பூ ஆகியவை சேர்ந்து, தேக்சா பிரியாணி மணத்தையே எதிர்பார்த்திருந்த என் மூக்குக்கு இனிப்பு மணத்தை ஏற்றின.

"இதில் கறி போடமாட்டார்களா?" என்று மச்சான் அருகில் நின்றவரிடம் உருதுவில் கேட்டார்.

"இங்கு வருபவர்களில் பாதிப் பேர் ஹிந்துக்கள். கறி போட்டால் அவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள்? காஜாவின் வாசலில் யாரும் பசியோடு திரும்பக் கூடாது அல்லவா?" என்றார் அவர், இதுகூடவா தெரியாது என்பதைப் போல.

விடியலில் அந்தச் சோற்றை இலைத் தொன்னையில் வாங்கி உண்டோம். எங்களுக்கு முன்னால் தலையை முந்தானையால் மூடிய மார்வாடிப் பெண்மணி ஒருவர், தம் பேரக் குழந்தைக்கு அதையே ஊட்டிக்கொண்டிருந்தார். ஏழைகளுக்கென்று நாள்தோறும் வழங்கப்படும் லங்கரும் வாற்கோதுமைக் கஞ்சியே. அதிலும் இறைச்சி இல்லை. சமைப்பவர்கள் முஸ்லிம்கள், அவர்கள் தங்கள் வீட்டில் இறைச்சி உண்பவர்கள். ஆயினும், இந்த ஓர் அடுப்பில் மட்டும் அடுத்தவருக்காக அதை விட்டிருக்கின்றனர். எவரும் அவர்களை ஹலாலை மறுத்தவர்கள் என்று கூறியதில்லை. என் நெஞ்சில் அந்தச் சிறுவனின் முகம் வந்து நின்றது.

நாகூரா? நாகௌரா?

அன்றிரவு மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்லூரியில் வரலாறு படித்தபோது அறிந்திருந்து, பின்பு மறந்துபோன ஒரு பெயர் அப்போது என் நினைவுக்கு வந்தது. காஜா அவர்களின் நேர்ச் சீடர்களில் புலால் உண்ணாத ஒருவர் இருந்தார். அவர் அடங்கியிருக்கும் ஊர் நாகௌர். நம் நாகூரின் பெயரைப் போலவே ஒலிக்கும் ஊர். அங்கு அடங்கியிருப்பவரின் பெயரிலும் நாகூர் ஷாகுல் ஹமீது (ரஹ்) அவர்களைப் போலவே 'ஹமீது' உண்டு. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், போய்ப் பார்த்துவிடுவோம் மச்சான்" என்றார் அவர்.

அஜ்மீரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர். ஆரவல்லிக் குன்றுகள் பின்னால் மறைய மறைய நிலம் தட்டையாகி, மணல் கலந்து வெளுத்துக்கொண்டே போயிற்று. ஆங்காங்கே கடுகு வயல்கள் மஞ்சள் பூத்திருந்தன. மற்ற இடமெல்லாம் கேஜ்ரி மரங்கள். நம் பக்கத்தில் வன்னி மரம் என்கிறோமே, அதுதான். நாகௌர், வெந்தயக் கீரைக்கும் உழவு மாட்டுக்கும் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள வெண்ணிறக் காளைகளை நாகௌரி என்ற இனப் பெயராலேயே இந்தியா முழுதும் அறிவர். அக்பரின் அவையை அணிசெய்த அபுல் ஃபஸலின் தந்தை ஷெய்கு முபாரக் பிறந்ததும் இவ்வூரில்தான். உயிர்வதையை விலக்கும் பிஷ்னோய் சமூகத்தின் குரு ஜம்போஜி 1451-இல் பிறந்த பீபாசரும் இம்மாவட்டத்தைச் சேர்ந்ததே.

பேருந்து நிலையத்தருகில் ஒரு சிறு கடையில் கம்பு ரொட்டியும் 'கேர் சாங்கிரி'யும் மோரும் கிடைத்தன. கேர் என்பது பாலைவனப் புதரில் காய்க்கும் சிறு காய். சாங்கிரி என்பது கேஜ்ரி மரத்தின் நெற்று. இரண்டையும் உலர்த்தி வைத்துக்கொண்டு ஆண்டு முழுதும் சமைக்கின்றனர். மழை பொய்த்தாலும் மரம் பொய்ப்பதில்லை என்பதே அந்த மக்களின் நம்பிக்கை. இதே இராஜஸ்தானில் செம்மிளகாய் அரைத்துச் சமைக்கும் ஆட்டுக்கறிக்கும் பெரும்பெயர் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மண் ஒன்றாயினும் இலைகள் பலவகை.

துறந்தோரின் வேந்தர்

தர்காவின் நுழைவாயில் செதுக்கு வேலைப்பாடு நிறைந்த உயர்ந்த கட்டடம். முஹம்மது பின் துக்ளக் காலத்தில், 1333-ஆம் ஆண்டை ஒட்டி எழுப்பப்பட்டது. உள்ளே அடங்கியிருப்பவர் சூஃபி ஹமீதுத்தீன் நாகௌரி (ரஹ்). டில்லியில் அடங்கியுள்ள காஜி ஹமீதுத்தீன் நாகௌரி என்பார் வேறொருவர்; இருவரையும் ஒருவராக்கி எழுதும் பிழை அடிக்கடி நேர்கிறது. நம்மவர் 1274-இல் மறைந்தவர். டில்லி முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தபின் அந்நகரில் பிறந்த முதல் முஸ்லிம் குழந்தை இவர் என்று சொல்லப்படுவதுண்டு. இவருக்கு 'சுல்தானுத் தாரிகீன்', அதாவது துறந்தோரின் வேந்தர் என்று பட்டம் வழங்கியவர் காஜா அவர்களே.

அவர் எதையெதைத் துறந்தார் என்று கேளுங்கள். சுவால் என்னும் சிற்றூரில் அவருக்கிருந்தது ஒரே ஒரு பிகா நிலம். நம் கணக்கில் அரை ஏக்கரை ஒட்டியது. அதையும் ஒரே வேளையில் விதைக்காமல், ஒரு பாதியில் முதலில் பயிரிட்டு, மறுபாதியில் அடுத்துப் பயிரிடுவாராம். வீட்டில் ஒரு பசு. பால் கறப்பவரும் அவரே. இடையில் ஒரு துணி, மேலே ஒரு துணி. துணைவியார் நூல் நூற்பார். வீட்டில் பேசியது அந்நாட்டு மக்களின் ஹிந்தவி மொழி. பாரசீகத்தில் நூல்களும் மடல்களும் எழுதிய அறிஞர், அண்டை அயலாரைப் போலவே ஓர் உழவராக வாழ்ந்தார்.

நாகௌரின் ஆளுநர் கொஞ்சம் நிலமும் பணமும் தர முன்வந்தபோது ஏற்க மறுத்தார். செய்தி சுல்தானுக்கு எட்டவே, 500 வெள்ளித் தங்காக்களும் ஒரு கிராமத்துக்கான ஆணையும் வந்தன. அப்போது அவருடைய மேலாடை கிழிந்திருந்தது. துணைவியாரின் தலையை மூடவும் சரியான துணி இல்லை. அவர் உள்ளே சென்று கலந்தார். "இத்தனை நாள் காத்த வறுமையை இப்போது இழிவுபடுத்துவதா? நான் இரண்டு சேர் நூல் நூற்று வைத்திருக்கிறேன், நம் இருவருக்கும் துணி நெய்ய அது போதும்" என்ற கருத்தில் அந்த அம்மையார் விடை சொன்னாராம். பரிசு திரும்பிப் போயிற்று. இந்தக் கதையை முற்றத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், தம் சொந்தப் பாட்டியைப் பற்றிச் சொல்வது போன்ற பெருமிதத்துடன் எங்களுக்குச் சொன்னார்.

இப்படி வாழ்ந்தவர்தாம் புலாலையும் விட்டவர். உயிர்களிடத்துக் கொண்ட இரக்கமே அதற்குக் காரணம் என்பது அறிஞர் கருத்து. தம் மறைவுக்குப் பின் தம் பெயரால் நன்மை நாடி உணவு வழங்குவோர் இறைச்சி உணவை வழங்க வேண்டாம் என்றும் அவர் கேட்டுக்கொண்டதாக, அவருடைய உரைகளைத் தொகுத்த நூலின் வாயிலாக அறிகிறோம். அலிகர் வரலாற்றறிஞர் காலிக் அஹ்மத் நிஸாமியும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

நான் எழுதிப் பார்த்த கணக்கு

வாசகர்களே! இங்கு ஒரு கேள்வி எழும். எழ வேண்டும். அல்லாஹ் ஆகுமாக்கிய நல்லவற்றை விலக்கிக்கொள்ளாதீர்கள் என்று திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் எச்சரிக்கிறதே? இனிப் புலால் உண்ணேன், இனி மணம் முடிக்கேன், இனி இரவில் உறங்கேன் என்றெல்லாம் உறுதிபூண்ட தோழர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்தார்களே? ஆம். அதை மறைக்க எனக்கு உரிமையில்லை. இறைச்சி உண்பது பாவம் என்று எவரேனும் கருதினால், அல்லது அதை விடுவதால் தாம் நபிகளாரின் வழியினும் மேலான வழியில் நடப்பதாக எண்ணினால், அது நம் மார்க்கம் அன்று.

ஆனால், மறுபக்கத்தையும் பாருங்கள். பெருமானாரின் முன்னிலையில் உடும்புக் கறி பரிமாறப்பட்டது. அவர்கள் உண்ணவில்லை. ஹராமா என்று வினவப்பட்டபோது, இல்லை என்றார்கள். தம் மக்கள் வாழும் மண்ணில் அது வழக்கமில்லாததால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்று விளக்கினார்கள். அங்கேயே காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அதை உண்டார்கள். ஒரே விரிப்பில் ஒருவர் உண்கிறார், மற்றவர் தவிர்க்கிறார். தவிர்த்தவர் தடுக்கவில்லை, உண்டவர் வற்புறுத்தவுமில்லை. இதைப் பன்முறை பாடமாக நடத்தியிருக்கும் நான், அந்த வெள்ளிக்கிழமை ஒரு பதினொரு வயதுப் பிள்ளையின் முன் மறந்துபோனேன்.

ஹலால் என்ற சொல்லின் பொருள், உண்ண அனுமதி உண்டு என்பதுதான். உண்டே தீர வேண்டும் என்பது அன்று. ஹலாலை ஹராம் என்று உரைப்பது வேறு. ஹலாலான ஒன்றை மனம் ஒப்பாமல் விடுவது வேறு. முன்னது இறைவனின் அதிகாரத்தில் தலையிடுவது. பின்னது அடியானுக்கு இறைவன் அளித்த இடம்.

குர்பானியைப் பற்றியும் ஐயம் வரும். ஷாஃபிஈ மத்ஹபில் அது வலியுறுத்தப்பட்ட சுன்னத்து. ஹனஃபி மத்ஹபில் வசதியுள்ளவர் மீது வாஜிபு. ஆயினும், தாம் கொடுத்த குர்பானியிலிருந்து தாமே உண்பது விரும்பத்தக்கது என்பதே பெரும்பான்மை அறிஞர் முடிவு, கட்டாயம் அன்று. எனவே, இறைச்சி உண்ணாதவரும் குர்பானி கொடுக்கலாம், ஏழைகளுக்கு வழங்கலாம். அல்லாஹ்வைச் சென்றடைவது இறைச்சியும் இரத்தமும் அல்ல, இறையச்சமே என்பதைத்தானே அல்ஹஜ் அத்தியாயம் நமக்கு உணர்த்துகிறது?

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். பெருமானாரின் இல்லத்தில் மாதக்கணக்கில் அடுப்பெரியாமல், பேரீச்சம் பழமும் தண்ணீருமே உணவாக இருந்த காலம் உண்டு என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். இறைச்சி ஆசை மதுவைப் போல் பற்றிக்கொள்ளக் கூடியது என உமர் (ரலி) எச்சரித்திருக்கிறார்கள். பெருமானார் இறைச்சியும் விரும்பி உண்டார்கள். தையல்காரர் ஒருவர் வீட்டு விருந்தில் குழம்பிலிருந்த சுரைக்காயைத் தேடித் தேடியும் உண்டார்கள். அந்த எளிய இலையை எங்கோ விட்டுவிட்டு, அன்றாடம் கறி உண்பதே முஸ்லிமின் அடையாளம் என்று நாமாக ஒரு சட்டம் எழுதிக்கொண்டோமோ?

நாகௌரிலிருந்து திரும்பும் பேருந்தில் மச்சான் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பெரியவர் இன்றைக்கு நம் ஊர் விருந்துக்கு வந்து கறி வேண்டாம் என்றால், நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் மச்சான்?" என்று கேட்டார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பானைக் கஞ்சி

ஊர் திரும்பிய மறுநாள் அசருக்குப் பின் அந்தச் சிறுவனின் வீட்டுக்குச் சென்றேன். அவன் கதவுக்குப் பின்னால் நின்றான். அவனுடைய அத்தா, அம்மா இருவர் முன்னிலையில், "உன்னிடம் நான் நடந்துகொண்டது தவறு தம்பி. எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் உன்னைக் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்" என்றேன். ஒரு மாணவனிடம் மன்னிப்புக் கேட்பது இத்தனை ஆண்டுகளில் அதுவே முதல் முறை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. நாகௌரைப் பற்றிச் சொன்னேன். ஒரு பசுவும் ஒரு பிகா நிலமும் வைத்திருந்த பெரியவரைப் பற்றிச் சொன்னபோது, மெல்லக் கதவுக்கு முன்னால் வந்தான்.

"அப்படியென்றால் நான் காஃபிர் இல்லையா ஹஜ்ரத்?" என்று கேட்டான்.

அன்றைய விருந்தில் நான் அந்தச் சொல்லை உச்சரிக்கவில்லை. ஆனால், என் கேள்வி அந்தப் பிஞ்சு நெஞ்சில் அப்படித்தான் போய்த் தைத்திருக்கிறது. ஐந்து மாதம் அவன் அதைத் தனியே சுமந்திருக்கிறான்! "இல்லை தம்பி, ஒருபோதும் இல்லை" என்று சொல்வதற்குள் என் குரல் கம்மியது. கூடவே ஒன்று சொன்னேன்: "நீ உண்ண வேண்டாம். ஆனால், உண்ணும் உன் அத்தாவையோ கூட்டாளிகளையோ இரக்கமற்றவர்கள் என்று எண்ணிவிடாதே. அவர்களுக்கும் அல்லாஹ் அனுமதி அளித்திருக்கிறான்." தலையசைத்தான். அடுத்த திங்களன்று குர்ஆனை மார்போடு அணைத்துக்கொண்டு மத்ரஸா வாசலில் நின்றான்.

அவ்வாண்டு ரமலானில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியில் வழக்கம்போல் கொத்துக்கறி சேர்க்கப்பட்டது. ஜமாஅத்தாரிடம் பேசி, கறி சேர்க்காமல் ஒரு பானையை மட்டும் தனியே இறக்கிவைக்க ஏற்பாடு செய்தேன். ஒரு பையனுக்காக ஒரு பானையா என்று சிலர் முணுமுணுத்ததும் உண்மை. ஆனால், மூன்றாம் நாள் மாலை ஒரு புதுமை நிகழ்ந்தது. பள்ளிவாசலுக்கு எதிர்த் தெருவில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், புலால் உண்ணாதவர், தம் பேரனிடம் ஒரு தூக்குவாளியைக் கொடுத்தனுப்பியிருந்தார். முப்பது ஆண்டுகளாக நம் கஞ்சியின் மணத்தை மட்டுமே அறிந்திருந்தவர்! பிறை இருபதுக்குள் அந்தப் பானை போதாமல் இன்னொரு பானை வைக்க வேண்டியதாயிற்று.

அன்பர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இலையைக் கையால் மறைக்கலாம். மருத்துவர் சொன்னதற்காகவோ, மனம் ஒப்பாததற்காகவோ, வளர்த்த ஆட்டின் நினைவாலோ அது இருக்கலாம். அவன் அல்லாஹ்வின் சட்டத்தை மறுக்கிறானா, அல்லது ஒரு துண்டுக் கறியை மட்டுமே மறுக்கிறானா என்று முதலில் அருகில் அமர்ந்து கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.

எல்லாம் வல்ல அல்லாஹ், உண்பதிலும் ஒறுப்பதிலும் நடுநிலை பேணும் நன்மக்களாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.